வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்திற்கு எந்தக் கணிப்பொறி? – ஒரு விமர்சனம்

தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. சுடலைமாடன் கோயிலாயின் கணியான் கூத்தும் உண்டு. விடிய விடிய நடைபெறும் இக்கலைகளை முன்பெல்லாம் பதிவு செய்ய வானொலி நிலையத்தார் வரவேண்டும். அல்லது பணம் படைத்த ஒருவரின் டேப் ரிக்கார்டர் வேண்டும். இன்று நிலைமை வேறு. இரண்டு ஒலிவாங்கிகள், ஒலியை எண்களாக மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி, ஒரு கணிப்பொறி ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. பாளையங்கோட்டையிலும் சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் இசை ஆர்வமுள்ள இளைஞர்கள் இம்முயற்சியில் இறங்குகிறார்கள். அவர்களில் சிலர் என் மாணவர்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, "எந்தக் கணிப்பொறி வாங்கலாம் சார்?" என்பதே.

இக்கேள்விக்குக் கடைக்காரர்களும் விளம்பரங்களும் ஒரே விதமான விடையையே தருகின்றன. இத்தனை கிகாஹெர்ட்ஸ், இத்தனை உள்ளகங்கள், 32 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்களை அடுக்குகின்றன. எண் பெரியதாக இருந்தால் பொறியும் பெரியது என்பது அவர்களது கணக்கு. இந்த எண்கள் பொய்யல்ல. ஆயினும் ஒலிப்பதிவு செய்பவருக்குத் தேவையான எண் இவற்றில் எதுவும் இல்லை என்பதே என் குறை. விளம்பரம் சொல்வது பொறியின் சிறந்த வேகத்தை. அல்லது சராசரி வேகத்தை. ஒலிப்பதிவைக் கெடுப்பதோ அதன் மிக மோசமான கணம். அந்தக் கணத்தைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை.

முன்னோடிகளின் பொறிகள்

கணிப்பொறியைக் கொண்டு இசையொலி எழுப்பும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று 1957-ல் நடைபெற்றது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக்ஸ் மாத்யூஸ், ஐ.பி.எம். 704 என்ற பொறியில் 17 விநாடி நீளமுள்ள ஓர் இசைத் துணுக்கை உருவாக்கினார். அந்தப் பொறி எவ்வளவு மெதுவாகக் கணக்கிட்டாலும் தவறில்லை. ஏனெனில் கணக்கிட்ட எண்களையெல்லாம் முதலில் காந்த நாடாவில் சேர்த்துவைத்துப் பின்னரே ஒலிக்கச் செய்தார்கள். எதிரே உட்கார்ந்து யாரும் பாடவில்லை. ஆகவே நேர நெருக்கடி இல்லை.

1985-ல் அடாரி எஸ்.டி. என்ற சிறு கணிப்பொறி சந்தைக்கு வந்தது. அதன் கடிகாரம் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். இன்றைய மலிவான கைப்பேசிகூட அதனினும் பல நூறு மடங்கு விரைவானது. எனினும் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை விரும்பி வாங்கின. 1983-ல் நடைமுறைக்கு வந்த மிடி என்னும் இசைக்கருவி இணைப்பு முறைக்கான துளைகள் அதன் உடலிலேயே அமைந்திருந்தன. மிடி முறையில் ஒலி பயணம் செய்வதில்லை; 'இந்த ஸ்வரத்தை இந்த அழுத்தத்தில் வாசி' என்ற கட்டளை மட்டுமே பயணம் செய்கிறது. ஒரு கட்டளைக்கு 30 பிட். இணைப்பின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். அதாவது ஒரு கட்டளை ஏறத்தாழ 1 மில்லிவிநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அடாரிப் பொறி ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்தது. அதனால் கட்டளைகள் நேரம் தவறாமல் புறப்பட்டன. இசைக் கலைஞர்கள் அதை நம்பியதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் கணிப்பொறி இசைக்குள் நுழைந்தது. 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா அதன் துணையைப் பயன்படுத்தினார். 1989-ல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். வீட்டு ஒலிப்பதிவுக் கூடம் என்ற கனவுக்கு நம் இளைஞர்கள் காட்டும் முன்மாதிரி இதுவே. 1992-ல் 'ரோஜா' வெளிவந்தது. அந்நாளைய எந்த இசைக் கணிப்பொறியும் இன்று நம் சட்டைப்பையில் இருப்பதைவிட வேகத்தில் மிகக் குறைந்தது. இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, 'அவரிடம் நல்ல பொறி இருந்தது, எனக்கும் வேண்டும்' என்ற முடிவுக்கு வருகிறவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குளமும் மடையும்

இனி, பதிவின்போது கணிப்பொறிக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒலிவாங்கி தரும் மின்னலையை ஆடியோ இன்டர்ஃபேஸ் விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் எண்ணும் 24 பிட், அதாவது 3 பைட். எனவே ஓர் ஒலிவாங்கியிலிருந்து விநாடிக்கு 1,44,000 பைட் வருகிறது. நான்கு ஒலிவாங்கிகள் வைத்தாலும் 5,76,000 பைட்தான். சாதாரண வன்தட்டு விநாடிக்குப் பத்துக் கோடி பைட் எழுதவல்லது. மத்தியச் செயலகமோ 3 கிகாஹெர்ட்ஸ் கடிகாரம் கொண்டதாயின், ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையே அதன் கடிகாரம் 62,500 முறை துடிக்கிறது. சராசரிக் கணக்கில் பார்த்தால் கணிப்பொறிக்கு இது வேலையே அல்ல. பின் ஏன் விலையுயர்ந்த பொறிகளிலும் பதிவின் நடுவே 'டிக்' என்ற ஓசையும் வெட்டுகளும் விழுகின்றன?

நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கால்வாயில் தண்ணீர் இடைவிடாது வந்து குளத்தில் விழுகிறது. மடையைத் திறந்து நீரை வயலுக்கு அனுப்ப ஓர் ஆள் குறித்த நேரத்திற்கு ஒருமுறை வரவேண்டும். அவர் வந்தால் போதும். மடை பெரியதாகையால் குளம் நொடியில் வடிந்துவிடும். ஆனால் அவர் வரத் தாமதித்தால் குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது. மறுகாலில் போன நீர் போனதுதான்.

கணிப்பொறியில் இந்தக் குளத்திற்குப் 'பஃபர்' என்று பெயர். 256 மாதிரிகள் கொள்ளும் பஃபரானால் அது நிரம்ப 5.3 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் செயலகம் வந்து மடையைத் திறந்தாக வேண்டும். ஒரு மணி நேரப் பதிவில் இவ்வாறு 6,75,000 முறை வரவேண்டியிருக்கிறது. 6,74,999 முறை சரியாக வந்து, ஒரே ஒருமுறை வேறு வேலையில் சிக்கிக்கொண்டால் பாட்டில் ஒரு வெட்டு விழுகிறது. சராசரி வேகத்தை அளக்கும் சோதனையில் இந்த ஒரு தவறு தென்படவே செய்யாது. வில்லிசைக் கலைஞர் கதையின் உச்சத்தில் குரலை உயர்த்திய இடத்தில் அது விழுந்ததென்றால், அவரை மறுபடி பாடச் சொல்ல முடியுமா?

செயலகத்தைச் சிக்கவைக்கும் வேறு வேலைகள் எவை? பெரும்பாலும் வைஃபை, புளூடூத், திரைக்காட்சி ஆகியவற்றை இயக்கும் சிறு நிரல்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செயலகத்தை உறங்கவைத்து எழுப்பும் ஏற்பாடுகள். நம்மைக் கேளாமலே புதுப்பித்துக்கொள்ளும் இயக்க அமைப்பு. இவற்றுள் மோசமாக எழுதப்பட்ட ஒன்று பல மில்லிவிநாடிகள் செயலகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் போதும். உள்ளகங்கள் எட்டு இருந்தென்ன, பதினாறு இருந்தென்ன? இதனால்தான் ஒரே செயலகம் கொண்ட இரு நிறுவனங்களின் மடிக்கணினிகள் பதிவில் இருவேறு விதமாக நடந்துகொள்கின்றன.

கணிப்பொறி வல்லுநர்கள் இச்சிக்கலை அறியாதவர்களல்லர். லினக்ஸ் இயக்க அமைப்பில் எந்த வேலைக்கும் தாமதத்தின் மேல்வரம்பைக் கட்டுப்படுத்தும் 'நிகழ்நேர' ஏற்பாடு ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியே வளர்க்கப்பட்டு, 2024-ல் 6.12-ஆம் பதிப்பில் மூல அமைப்போடு முழுமையாகச் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் பொறிகளில் இந்தத் தாமதத்தை அளக்க 'லேட்டன்சிமான்' என்னும் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் பொறியைப் பார்க்கும்போது அரைமணி நேரம் அதை ஓடவிட்டு, மிக அதிகமான தாமதம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளிக்கக்கூடும். பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஃபரைச் சிறிதாக்கினால்தான் 'தொழில்முறைப்' பதிவு என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பாடகர் தம் குரலைக் கணிப்பொறியின் வழியே காதில் கேட்டுக்கொண்டு பாடும்போது மட்டுமே தாமதம் குறைவாக இருக்க வேண்டும். 5.3 மில்லிவிநாடியில் ஒலி காற்றில் சுமார் 1.9 மீட்டர் செல்கிறது. வில்லடிப்பவருக்கும் குடம் அடிப்பவருக்கும் இடையே மேடையில் ஏறக்குறைய அவ்வளவு தூரம் இருக்கத்தானே செய்கிறது! அவர்கள் தாளம் தவறுவதில்லை. மேலும், பாடுவது கணிப்பொறிக்குள் போகாமலே காதுக்கு வரும் வழி பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் உண்டு. ஆகவே நேரடிப் பதிவு மட்டும் செய்பவர் 1,024 மாதிரிகள் கொண்ட பெரிய குளத்தை வெட்டிக்கொள்வதே அறிவுடைமை. செயலகத்திற்கு 21 மில்லிவிநாடி அவகாசம் கிடைக்கும். பழைய பொறியும் தாங்கும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பொறி இன்னும் ஓடும் நிலையில் வீட்டில் இருந்தால், இரண்டு ஒலிவாங்கிப் பதிவை அதிலேயே தொடங்கிப் பார்க்கலாம். புதிது வாங்கும் யோசனை பிறகு வரட்டும்.

192-உம் 32-உம்

மனிதக் காது கேட்கும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். ஓர் அதிர்வெண்ணைச் சரியாகப் பதிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட மாதிரிகள் போதும் என்பது கல்லூரி மாணவர் அறிந்த தேற்றம். 48 கிலோஹெர்ட்ஸ் இதற்குத் தாராளம். 192-க்குப் போனால் கோப்பு நான்கு மடங்கு பெருக்கும். அதைவிடத் தொல்லை, அதே 256 மாதிரிப் பஃபர் 1.3 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். தரம் உயருமென்று நம்பிப் பெரிய எண்ணைத் தேர்ந்தவர், வெட்டு விழும் வாய்ப்பைத் தாமே பெருக்கிக்கொள்கிறார்.

பிட் கணக்கும் இத்தகையதே. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல். 16 பிட்டுக்கு 96. 24 பிட்டுக்கு 144. நம் அறையில் மின்விசிறியும் தெருவோசையும் சேர்ந்து 35 டெசிபெல் இருப்பதாகவும், ஒலிவாங்கியருகே மிகப் பலத்த ஒலி 115 டெசிபெல் என்றும் கொள்வோம். இடைவெளி 80 டெசிபெல். 14 பிட்டுக்குள் அடங்கிவிடுகிறது! ஆயினும் 24 பிட் வீண் என்று நான் சொல்லமாட்டேன். கணியான் கூத்தில் மகுடம் எப்போது ஓங்கி ஒலிக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. 15 முதல் 20 டெசிபெல் இடம் விட்டுத் தாழ்வாகப் பதிவு செய்துகொள்ள 24 பிட் உதவுகிறது. அதற்கு மேல் வருவது பெரும்பாலும் பெட்டியின் மீது அச்சிடுவதற்கு.

பிட்டுகளைத் தின்பது கணிப்பொறியின் விசிறிதான். அமைதியான அறையில் மடிக்கணினி மூச்சுவிடும் ஓசை ஒலிவாங்கியில் நன்றாகவே விழும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். எனவே பொறியை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபெல், அதாவது இரண்டு பிட், செலவில்லாமல் கிடைக்கிறது. அறைக்குள் எதிரொலியால் இந்த லாபம் சற்றுக் குறையும். ஒலிவாங்கிக் கம்பியைப் பல மீட்டர் நீட்டலாம், யு.எஸ்.பி. கம்பியை 5 மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது. எனவே பொறியும் பெட்டியும் ஒன்றாக அடுத்த அறையில் இருக்கட்டும். பாடகரிடம் ஒலிவாங்கி மட்டும் இருக்கட்டும்.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். செயலகம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை எட்டும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அறை 25 டிகிரியில் இருந்தால் வெப்பம் வெளியேற 75 டிகிரி வேறுபாடு இருக்கிறது. சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் அறை 40 டிகிரி என்றால் வேறுபாடு 60 மட்டுமே. வெளியேறும் வெப்பமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. குளிரூட்டிய அறையில் சோதித்த வேகம் இங்கே கிடைக்காது. விசிறியின் இரைச்சல் மட்டும் கூடும். மிக விரைவான, மிக மெல்லிய மடிக்கணினி நம் பகுதிக்கு ஏற்றதல்ல என்று நான் கருதுவது இதனால்தான். 2020-ல் வெளிவந்த ஆப்பிள் எம்-1 மாக்புக் ஏர் போன்ற விசிறியே இல்லாத பொறிகளும் உண்டு. ஓசையின்மையில் அவற்றை மிஞ்ச ஏதுமில்லை. ஆனால் அவற்றின் சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. கெட்டால் கழற்றி மாற்ற முடியாது. பழுது பார்ப்பவர் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும் என்பவருக்கு, அலுவலகங்கள் பயன்படுத்தி விற்ற கனமான மடிக்கணினியே நல்லது. திறந்து தூசி தட்டலாம், வட்டை மாற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் இவ்வகைப் பொறிகளும் உதிரிப்பாகங்களும் கிடைக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீணை, வயலின் கூட்டம் முதலியவற்றின் பதிந்துவைத்த ஒலிகளை அடுக்கிக் கணிப்பொறிக்குள்ளேயே இசையமைப்பவருக்கு நினைவகமும் செயலக வேகமும் உண்மையாகவே தேவை. 8 கிகாபைட் அவருக்குப் போதாது; 32 வேண்டியிருக்கலாம். விளம்பரங்கள் அவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கொடையில் பாடுபவரைப் பதிய விரும்பும் மாணவர் அதே விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. மிஞ்சும் பணத்தில் நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கலாம்.

மின்சாரம்

மேசைக் கணிப்பொறியைக் காட்டிலும் மடிக்கணினியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் மின்கலம். விளக்கு மங்கினாலும் ஜெனரேட்டருக்கு மாற்றினாலும் பதிவு நிற்பதில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' என்னும் முணுமுணுப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் மின்கலத்தில் ஓடும்போது பொறி மிச்சப்படுத்தும் முறைக்கு மாறி மெதுவாகிவிடாதபடி முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும். முணுமுணுப்பைப் போக்குவதற்காகச் சிலர் பிளக்கின் தரை முனையை வெட்டிவிடுகிறார்கள். இது உயிருக்கு ஆபத்தான செயல். எக்காரணம் கொண்டும் செய்யலாகாது.

பதிந்தது நிலைக்குமா?

காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் மறைந்தார். 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்திலும் இசைத்தட்டுகளிலும் பதிவானதால் அவரது நாகசுரத்தை இன்றும் கேட்கிறோம். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து வில்லிசையை நகர மேடைகளுக்குக் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகம் 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார். இவர்கள் புகழ் பெற்றவர்கள், பதிவுகள் உண்டு. ஊர்க் கொடைகளில் மட்டுமே பாடிய எத்தனையோ பேரின் கதைப்பாடல்களுக்கு இனி நம் மாணவர் ஒருவரின் மடிக்கணினியே ஒரே சாட்சியாக இருக்கக்கூடும். எனவே 'நம்பகம்' என்ற சொல்லைப் பதிவு முடிந்த பின்னும் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சிறு பொறி. சாதாரண வேவ் கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் வளராது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு தடப் பதிவானால் நான்கு மணி எட்டு நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வில்லுப்பாட்டில் அது பின்னிரவு இரண்டு மணி. கதை முடியாத நேரம். ஒவ்வோர் இடைவேளையிலும் நிறுத்திப் புதிய கோப்பு தொடங்கிவிட வேண்டும்.

அடுத்து, பதிவு நிரல் தனக்கேயுரிய வடிவத்தில் எழுதும் கோப்பை மட்டும் நம்பக்கூடாது. அந்த நிரல் மறைந்தால் கோப்பும் ஊமையாகிவிடும். ஒவ்வொரு தடத்தையும் வேவ் கோப்பாகத் தனியே எடுத்துவைத்து, யார் பாடியது, எந்த ஊர், எந்த நாள் என்று எழுதிவைக்க வேண்டும்.

கடைசியாகப் பிரதிகள். ஒரே வீட்டில் இரண்டு வட்டுகளில் வைப்பது பிரதியாகாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைமீறித் தாழ்வான தெருக்களையெல்லாம் மூழ்கடித்தது. மேசையில் இருந்த வட்டும் அலமாரியில் இருந்த வட்டும் ஒரே தண்ணீரில்தான் நனைந்திருக்கும். ஒரு பிரதி தென்காசியிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. பாடியவரின் சம்மதத்தோடு அங்கேயும் அணுகிக் கேட்கலாம். நகரும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வட்டைப் பல ஆண்டுகள் மின்சாரமின்றிச் சூடான அலமாரியில் போட்டுவைத்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து எண்கள் மாறிவிடக்கூடும். ஆகவே நெடுங்காலச் சேமிப்புக்குச் சாதாரண வன்தட்டையே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் ஊர்க் கொடைக்கு முந்திய வாரத்தில், அதைக் கணிப்பொறியில் இணைத்து ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். திறக்க மறுக்கும் கோப்பை மற்றப் பிரதியிலிருந்து அன்றே எடுத்து மாற்றிவிடலாம்.